ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ்: என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அட்ஜெக்டிவ் பாடம் வந்தால் போதும், அதே சந்தேகங்கள் அதே வரிசையில் வரும். பலகையில் எழுதி எழுதி அழித்ததை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி, தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் செய்பவை. உள்ளே தமிழ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, மேலே ஆங்கிலச் சொற்களைப் போர்த்துகிறோம். எங்கே போர்வை விலகுகிறது என்று தெரிந்துவிட்டால் சரி.

1. அட்ஜெக்டிவ்னா "குணத்தைச் சொல்ற சொல்"னு படிச்சிருக்கேன். அது போதுமா சார்?

போதாது. "அழகு" என்பதும் குணத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அதற்குரிய "பியூட்டி" ஆங்கிலத்தில் பெயர்ச்சொல். "பியூட்டிஃபுல்"தான் அட்ஜெக்டிவ். அதனால் நான் வேறு மாதிரி சொல்வேன்: ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றி "எப்படிப்பட்ட?" என்று கேட்டால் பதிலாக வரும் சொல். எப்படிப்பட்ட வீடு? பெரிய வீடு, பழைய வீடு, அழகான வீடு. பிக், ஓல்டு, பியூட்டிஃபுல்.

தமிழில் "நல்ல, பெரிய, சின்ன, புதிய" போன்றவை தாமாகவே இந்த வேலையைச் செய்யும். மற்றவற்றுக்கு "ஆன" வேண்டும்: அழகான, உயரமான, ஆபத்தான. இந்த "ஆன"வை மனதில் வையுங்கள், கீழே பல இடங்களில் இதுதான் கைகொடுக்கப் போகிறது.

2. வாக்கியத்துல எங்க வைக்கணும்? முன்னாடியா, பின்னாடியா?

இரண்டு இடமும் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால்: "எ டால் பாய்", உயரமான பையன். தமிழிலும் அதே வரிசைதான், அதனால் இதில் யாரும் தடுமாறுவதில்லை. இன்னொன்று, "இஸ், ஆம், ஆர், வாஸ், வேர்" இவற்றுக்குப் பின்னால்: "தி பாய் இஸ் டால்."

சிக்கல் இந்த இரண்டாவது இடத்தில். "பையன் உயரம்" என்று இரண்டே சொல்லில் தமிழில் வாக்கியம் முடிந்துவிடும், வினைச்சொல்லே வேண்டாம். அதே பழக்கத்தில் "பாய் டால்" என்றோ "ஹீ வெரி குட்" என்றோ வாய் போய்விடுகிறது. ஆங்கில வாக்கியம் வினைச்சொல் இல்லாமல் நிற்காது. தமிழில் அந்த இடம் காலியாக இருந்தால் அங்கே ஒரு "இஸ்" ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. "மை சன் இஸ் ஹைட்"னு சொன்னேன், சிரிக்கிறாங்க. உயரம்னா ஹைட் தானே?

உயரம் என்றால் ஹைட்தான், அகராதி சரி. இதைச் சொன்ன அம்மா, மகனின் புகைப்படத்தை போனில் எடுத்துக் காட்டி, கையைத் தன் தலைக்கு மேலே ஓர் அடி உயர்த்தித்தான் சொன்னார். அவர் மனதில் இருந்தது "அவன் உயரம்" என்ற தமிழ் வாக்கியம். தமிழில் அது சுத்தமான வாக்கியம். "பெட்டி கனம்", "ரோடு நீளம்", "அவள் அழகு" எல்லாமே பெயர்ச்சொல்லை அப்படியே பயனிலையாக நிறுத்துகின்றன.

ஆங்கிலத்தில் "ஹீ இஸ் ஹைட்" என்றால் அவனே ஓர் அளவு என்றாகிவிடும். இங்கே 1-ஆம் கேள்வியின் "ஆன"வைக் கொண்டுவாருங்கள். "அவன் உயரம்" என்பதை மனதுக்குள் "அவன் உயரமானவன்" என்று மாற்றினால் "டால்" தானாக வரும். கனம் என்றதும் வெயிட் வருகிறது. கனமான என்றால் ஹெவி. நீளம் லெங்த், நீளமான லாங். ஆபத்து டேஞ்சர், ஆபத்தான டேஞ்சரஸ். ஜோடி ஜோடியாகப் படிப்பதுதான் நல்லது. "ஹைட்" என்று தனியாக நோட்டில் எழுதி வைத்தவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

4. அழகாக-னா பியூட்டிஃபுலி. அப்போ "அழகாக இருக்கிறாள்"னா "ஷி இஸ் பியூட்டிஃபுலி" தானே வரணும்?

நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி இதுதான். சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர் இந்தத் தவறைச் செய்வதில்லை; யோசிக்கிறவர்தான் செய்வார். "ஆன" வந்தால் அட்ஜெக்டிவ், "ஆக" வந்தால் அட்வெர்ப் என்று படித்திருக்கிறார். அழகான பெண், பியூட்டிஃபுல் கேர்ள். அழகாகப் பாடினாள், ஷி சாங் பியூட்டிஃபுலி. இரண்டும் சரி. அப்படியானால் அழகாக இருக்கிறாள் என்பதற்கு ஷி இஸ் பியூட்டிஃபுலி. கணக்கு சரியாகத்தான் வருகிறது, விடைதான் தப்பு.

நம்முடைய "ஆக" இரண்டு வேலை பார்க்கிறது. "அழகாகப் பாடினாள்" என்னும்போது அழகு பாடியதற்கு. "அழகாக இருக்கிறாள்" என்னும்போது அழகு அவளுக்கு. "இருப்பது" என்ற காரியத்தை அவள் அழகாகச் செய்துகொண்டிருக்கவில்லை. தமிழுக்கு இரண்டையும் ஒரே உருவத்தில் சொல்வதில் சிரமமில்லை. ஆங்கிலம் பிரித்துவிடும்: ஆளுக்கு என்றால் அட்ஜெக்டிவ், செயலுக்கு என்றால் அட்வெர்ப். ஆகவே "ஷி இஸ் பியூட்டிஃபுல்", "தி ரூம் இஸ் கிளீன்", "ஹீ இஸ் கொயட்."

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. "ஆக"வை எடுத்துவிட்டு "ஆனவள்" என்றோ "ஆனது" என்றோ போட்டுப் பாருங்கள். "அழகாக இருக்கிறாள்" என்பது "அழகானவள்" ஆகும். ஏறக்குறைய அதே பொருள்தான், எனவே அட்ஜெக்டிவ். "அழகாகப் பாடினாள்" என்பது "அழகானவள் பாடினாள்" ஆகும். பொருள் வேறு எங்கோ போய்விட்டது, எனவே அட்வெர்ப்.

5. அப்போ லுக், ஸ்மெல், ஃபீல் எல்லாம் வினைச்சொல் தானே, அதுக்கு அப்புறம் ஏன் "லி" வரலை?

"பூ நன்றாக மணக்கிறது" என்பதை "தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் குட்" என்கிறோம். "வெல்" இல்லை. காரணம் மேலே சொன்னதேதான்: நன்றாக இருப்பது மணம், மோந்து பார்க்கும் திறமை இல்லை. "ஸ்மெல்ஸ் வெல்" என்றால் பூவுக்கு மூக்கு இருக்கிறது, அது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமாகிவிடும். லுக், சவுண்ட், ஃபீல், சீம், பிகம் எல்லாம் இந்தக் கூட்டம்தான். "யூ லுக் டயர்ட்", "இட் சவுண்ட்ஸ் ஸ்ட்ரேஞ்ச்", "ஹீ பிகேம் ஃபேமஸ்."

ஆனால் ஒரே "லுக்" வேறு வேலையும் செய்யும். "ஹீ லுக்ட் ஆங்க்ரி", பார்க்கக் கோபமாகத் தெரிந்தான். "ஹீ லுக்ட் அட் மி ஆங்க்ரிலி", என்னைக் கோபமாகப் பார்த்தான். அந்த வினைச்சொல்லைத் தூக்கிவிட்டு "இஸ்" அல்லது "வாஸ்" போட்டுப் பாருங்கள். "ஹீ வாஸ் ஆங்க்ரி" நிற்கிறது. "ஹீ வாஸ் அட் மி" நிற்கவில்லை.

6. எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது: இதுல "எனக்கு" எங்க போச்சு?

போய்விட்டது, அவ்வளவுதான். பசி, குளிர், கோபம், சந்தோஷம், பயம் எல்லாம் தமிழில் வெளியிலிருந்து நமக்கு வருபவை. அதனால் "எனக்கு" என்று நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் அந்த ஆளே எழுவாயாக வந்து நிற்பார், உணர்ச்சி அட்ஜெக்டிவாக அவர் மேல் ஒட்டிக்கொள்ளும்: ஐ ஆம் ஹங்க்ரி, ஐ ஆம் கோல்டு, ஐ ஆம் ஆங்க்ரி, ஐ ஆம் ஹேப்பி, ஐ ஆம் அஃப்ரெய்ட்.

"டு மி ஹங்க்ரி" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் "ஐ ஆம் ஹேப்பினெஸ்" கேட்டிருக்கிறேன். அது 3-ஆம் கேள்வியில் பார்த்த அதே சங்கதி. "ஐ ஆம் ஹங்கர்" என்பதும் அப்படித்தான்.

7. "ஐ ஆம் போரிங்", "ஐ ஆம் போர்ட்": எது சரி?

இரண்டும் சரியான வாக்கியம்தான். பொருள்தான் எதிரெதிர். "போர்ட்" என்றால் எனக்கு அலுப்பாக இருக்கிறது. "போரிங்" என்றால் என்னால் மற்றவர்களுக்கு அலுப்பு.

என் முதல் வேலையில் ஒரு கூட்டத்தில், ஒன்றும் புரியாமல் கையைத் தூக்கி "ஐ ஆம் வெரி கன்ஃபியூசிங்" என்றேன். எதிரே இருந்தவர் முகத்தை அசைக்காமல் "யெஸ்" என்றார். மேசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு ஏன் என்று புரியவே அரை நாள் ஆயிற்று. குழம்பியிருப்பவர் கன்ஃபியூஸ்ட், குழப்புகிறவர் கன்ஃபியூசிங். "குழம்பிய", "குழப்பும்" என்று தமிழிலேயே இந்த வேறுபாடு அழகாக இருக்கிறது. "குழம்பு, குழப்பு", "திருந்து, திருத்து" என்று தன்வினை, பிறவினை பிரிக்கத் தெரிந்த நமக்கு இது கடினமே இல்லை. உணர்ச்சி எங்கே தங்குகிறதோ அங்கே "எட்", எதிலிருந்து கிளம்புகிறதோ அங்கே "இங்". இன்ட்ரஸ்டட் மாணவர், இன்ட்ரஸ்டிங் பாடம். டயர்ட் தொழிலாளி, டயரிங் வேலை.

8. ரெண்டு பேர் இருந்தா "குட்ஸ் பாய்ஸ்"னு வருமா?

வராது. ஆங்கில அட்ஜெக்டிவ் ஒருமை, பன்மை, ஆண், பெண் எதற்கும் உடம்பை அசைக்காது. தமிழிலாவது "நல்லவன், நல்லவள், நல்லவர்கள், நல்லது" என்று பயனிலையில் மாறும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே "குட்". இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலம் நமக்குச் சலுகை தந்திருக்கிறது.

இதே விதிதான் "எ ஃபைவ் இயர் ஓல்டு பாய்" என்பதிலும் இருக்கிறது. "ஹீ இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்டு" என்னும்போது "இயர்ஸ்" பெயர்ச்சொல், அதனால் பன்மை. பையனுக்கு முன்னால் வந்ததும் அந்த மூன்று சொல்லும் சேர்ந்து ஓர் அட்ஜெக்டிவ் ஆகிவிடுகிறது, எழுதும்போது நடுவில் சின்னக் கோடு போட்டு இணைப்பார்கள். அட்ஜெக்டிவுக்குப் பன்மை கிடையாது, "எஸ்" உதிர்ந்துவிடும். "டென் மினிட் பிரேக்" என்பதும் அப்படியே.

"ஏழைகள்" என்பதற்கு "புவர்ஸ்" என்று எழுதுகிறவர்களும் இங்கே வந்து சேருங்கள். "தி புவர்" என்றாலே ஏழை மக்கள் எல்லாரும். பன்மை அந்த "தி"யிலேயே அடங்கியிருக்கிறது, அதனால்தான் "தி புவர் ஆர்" என்று பன்மை வினை வருகிறது.

9. "எ" வரணுமா "அன்" வரணுமான்னு அட்ஜெக்டிவைப் பார்க்கணுமா, பெயர்ச்சொல்லைப் பார்க்கணுமா?

அடுத்து காதில் விழும் ஒலியை. "அன் அம்ப்ரெல்லா", ஆனால் "எ நியூ அம்ப்ரெல்லா". "எ ஹவுஸ்", ஆனால் "அன் ஓல்டு ஹவுஸ்". எழுத்து ஏமாற்றும்: "ஆனஸ்ட்" எழுதுவது ஹெச்சில், ஒலிப்பது உயிரில், அதனால் "அன் ஆனஸ்ட் மேன்". "யூஸ்ஃபுல்" எழுதுவது யூ எழுத்தில், ஒலிப்பது "யகர"த்தில், அதனால் "எ யூஸ்ஃபுல் புக்".

10. "ரெட் கலர் கார்", "ஸ்மால் ஸ்மால் ஹவுசஸ்": இதெல்லாம் தப்பா? எல்லாரும் சொல்றாங்களே?

நம்மூர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும், பேசும்போது கவலைப்பட வேண்டாம். எழுதும்போது விட்டுவிடுங்கள். "சிவப்புக் கலர் கார்" தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் "ரெட்" என்றாலே நிறம்தான், "ரெட் கார்" போதும்.

இரட்டித்துச் சொல்வது நமக்கு உயிர். "சின்னச் சின்ன வீடுகள்" என்றால் ஒவ்வொன்றும் சின்னது, நிறையவும் இருக்கிறது என்ற இரண்டும் அதில் வந்துவிடும். ஆங்கிலத்தில் இரட்டித்தால் அந்தப் பொருள் கிடைக்காது. "மெனி ஸ்மால் ஹவுசஸ்" என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். "சூடு சூடா", "புதுசு புதுசா" எல்லாவற்றுக்கும் இதே கதி. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

11. நாலஞ்சு அட்ஜெக்டிவ் ஒண்ணா வந்தா எது முதல்ல? மனப்பாடம் பண்ணணுமா?

வரிசை இருக்கிறது: எண்ணிக்கை, நம் அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், எந்த ஊர், எதனால் ஆனது, எதற்கு. "டூ பியூட்டிஃபுல் ஸ்மால் ஓல்டு உட்டன் சேர்ஸ்." சொல்கிறவர் மாறினால் மாறக்கூடிய கருத்து முதலில் போகிறது. பொருளோடு பிறந்த, யார் பார்த்தாலும் மாறாத சங்கதி பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்கிறது. அழகு என்பது என் கருத்து. மரம் என்பது நாற்காலியின் உடம்பு.

மனப்பாடம் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதைத் தமிழில் சொல்லுங்கள்: "இரண்டு அழகான சின்ன பழைய மர நாற்காலிகள்." அதே வரிசை. "மர பழைய அழகான நாற்காலி" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும். வகுப்பில் ஒருவர் தன் பையைத் தூக்கி மேசைமேல் வைத்து, "என்னோட பழைய கறுப்புத் தோல் பை" என்று தமிழில் ஒரு முறை முணுமுணுத்துவிட்டு, "மை ஓல்டு பிளாக் லெதர் பேக்" என்றார். பட்டியலை அவர் பார்க்கவே இல்லை. நடைமுறையில் மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள். அடுக்கினால் கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

12. நடுவுல கமா போடணுமா?

"அண்டு" போட்டுப் பாருங்கள். "எ லாங் அண்டு போரிங் ஸ்பீச்" நன்றாக இருக்கிறது, முன்பின் மாற்றினாலும் கெடவில்லை. எனவே கமா உண்டு. "எ பிக் அண்டு ரெட் பால்" உறுத்துகிறது, மாற்றி "ரெட் பிக் பால்" என்றால் இன்னும் மோசம். எனவே கமா கிடையாது.

13. "மோர் டாலர்" ஏன் தப்பு? "இன்னும் உயரம்"ங்கறதுக்கு மோர் வேணாமா?

தமிழில் ஒப்பிடுவதற்கு அட்ஜெக்டிவ் மாறுவதே இல்லை. "அவனைவிட உயரம்" என்று "விட" வேலையை முடித்துவிடும். அதனால் ஆங்கிலத்தில் "தேன்" மட்டும் போட்டு "ஹீ இஸ் டால் தேன் மி" என்பவர்கள் ஒரு பக்கம். சந்தேகத்துக்கு எல்லாவற்றையும் போட்டுவிடுகிற "மோர் டாலர்" ஆட்கள் இன்னொரு பக்கம். ஒப்பீட்டைச் சொல்லிலேயே காட்ட வேண்டும், ஒரே ஒரு முறை காட்ட வேண்டும்.

"அர்"ரா "மோர்"ரா என்பதற்குச் சொல்லைச் சொல்லிக்கொண்டே விரலால் மேசையைத் தட்டுங்கள். டால், பிக், ஓல்டு: ஒரே தட்டு. அப்படியானால் டாலர், பிக்கர், ஓல்டர். பியூ-ட்டி-ஃபுல், டி-ஃபி-கல்ட்: மூன்று தட்டு, மோர் பியூட்டிஃபுல். மூன்றுக்கு மேலும் அதே. இரண்டு தட்டு உள்ளவைதான் இழுபறி. "இ" ஒலியில் முடிந்தால் ஹேப்பியர், ஈஸியர். மற்றவை பெரும்பாலும் மோர் கேர்ஃபுல், மோர் மாடர்ன் என்று போகும். "சிம்பிள், கொயட், கிளெவர்" போன்ற சிலவற்றுக்கு இரண்டு வழியும் சரி. குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்: இவற்றுக்கு விதி கிடையாது, பழக்கம்தான்.

எழுதும்போது பிக், ஹாட் போன்றவற்றின் கடைசி எழுத்து இரட்டிக்கும்: பிக்கரில் ஜி இரண்டு, ஹாட்டரில் டி இரண்டு.

14. "வெரி பெட்டர்"னு சொல்லலாமா?

கூடாது. "வெரி" சாதாரண வடிவத்துக்குத்தான்: வெரி குட். ஒப்பீட்டு வடிவத்துக்கு "மச்" அல்லது "எ லாட்": மச் பெட்டர், எ லாட் ஈஸியர். தமிழில் "ரொம்ப நல்லது", "ரொம்பப் பரவாயில்லை" இரண்டுக்கும் ஒரே "ரொம்ப" என்பதால் வரும் வழுக்கல் இது. "தி வெரி பெஸ்ட்" மட்டும் சரி. அங்கே "வெரி"க்கு அந்த ஒன்றேதான் என்ற அழுத்தம்.

15. "மை பிரதர் இஸ் எல்டர் தேன் மி": இதுல என்ன குறை?

நானும் பல வருடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "எல்டர்" உறவுக்கு முன்னால் மட்டும் நிற்கும்: மை எல்டர் பிரதர், அண்ணன். ஒப்பிடும்போது "ஓல்டர் தேன் மி". "அண்ணன்" என்று ஒரே சொல்லில் முடிக்கிற நமக்கு இந்த எல்டர், யங்கர் எல்லாம் சுற்றி வளைப்பது போல்தான் தெரியும்.

இதன் பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது: சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர். இவை லத்தீனிலிருந்து வரும்போதே ஒப்பீட்டு வடிவமாக வந்தவை. இவற்றோடு "தேன்" சேராது, "டு"தான்: "ஷி இஸ் சீனியர் டு மி." "மோர் சுப்பீரியர்" என்றால் 13-ஆம் கேள்வியின் "மோர் டாலர்" குற்றம்.

16. "ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்"னு எழுதினா ஏன் சுழிக்கிறாங்க?

"ஒன் ஆஃப்" என்றால் பலரில் ஒருவர். அந்தப் பலர் வாக்கியத்தில் இருக்க வேண்டும்: ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்டூடண்ட்ஸ். தமிழிலும் "சிறந்த மாணவர்களில் ஒருவர்" என்று பன்மையோடுதானே சொல்கிறோம்.

17. "டூ குட்", "வெரி குட்": ரெண்டும் ரொம்ப நல்லது தானே?

நம் ஊர்ப் பேச்சில் "டூ குட்" பாராட்டாகிவிட்டது. மற்ற இடங்களில் "டூ" என்றால் அளவு மீறியது, அதனால் ஏதோ ஒன்று கெடுகிறது. "தி பாக்ஸ் இஸ் வெரி ஹெவி", ரொம்பக் கனம், ஆனாலும் தூக்கலாம். "தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி", தூக்க முடியாத அளவுக்குக் கனம். தமிழில் நீங்கள் "அளவுக்கு மேல" என்று சொல்லக்கூடிய இடமா என்று பாருங்கள். ஆமாம் என்றால்தான் "டூ".

18. தூங்குற குழந்தையை "அன் அஸ்லீப் சைல்டு"னு ஏன் சொல்லக்கூடாது? அஸ்லீப் அட்ஜெக்டிவ் தானே?

அட்ஜெக்டிவ்தான், ஆனால் முன்னிருக்கையில் உட்காராது. அஸ்லீப், அவேக், அலைவ், அலோன், அஃப்ரெய்ட் இவை எல்லாம் 2-ஆம் கேள்வியில் சொன்ன இரண்டாவது இடத்துக்கு மட்டும் உரியவை. "தி சைல்டு இஸ் அஸ்லீப்" சரி. முன்னால் வேண்டுமானால் "எ ஸ்லீப்பிங் சைல்டு".

காரணம் வரலாற்றில் இருக்கிறது. "அஸ்லீப்" பழைய ஆங்கிலத்தில் "ஆன் ஸ்லீப்" என்று இரண்டு சொல்லாக இருந்து ஒட்டிப்போனது. உறக்கத்தில் என்று பொருள். "அலைவ்" உயிரில் என்பது. "உறக்கத்தில் குழந்தை" என்று நாமும் சொல்வதில்லை, "குழந்தை உறக்கத்தில் இருக்கிறது" என்போம். கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் இதே பிறப்பு இல்லை, ஆனால் நடத்தை ஒன்று.

இதற்கு நேர் எதிராக "மெயின், ஃபார்மர், மியர்" போன்றவை முன்னால் மட்டும் வரும். "தி மெயின் ரீசன்" உண்டு, "தி ரீசன் இஸ் மெயின்" கிடையாது.

19. "நேத்து வந்த பையன்"ங்கறதை "யெஸ்டர்டே கேம் பாய்"னு சொல்ல முடியாதா?

முடியாது. தமிழில் எவ்வளவு நீளமான சரக்கையும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஏற்றலாம்: "நேற்று மழையில் நனைந்துகொண்டே வந்த பையன்." பெயரெச்சம் என்ற வண்டி நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் முன்னால் போகும், கூட்டமாக வந்தால் பின்னால்தான்: "தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே." ஒற்றைப் பெயரெச்சம் என்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம்: உடைந்த கண்ணாடி, புரோக்கன் கிளாஸ், எரியும் வீடு, பர்னிங் ஹவுஸ்.

அட்ஜெக்டிவ் வால் வளர்த்துக்கொண்டால் அதற்கும் இதே விதி. "எ ஃபுல் பாக்ஸ்", நிறைந்த பெட்டி. "புத்தகங்கள் நிறைந்த பெட்டி" என்றதும் "எ பாக்ஸ் ஃபுல் ஆஃப் புக்ஸ்". சம்திங், நத்திங், சம்படி இவற்றோடும் பின்னால்தான்: சம்திங் நியூ.

ஒற்றைச் சொல்லாக இருந்தும் பின்னால் நிற்கும் சில பதவிப் பெயர்கள் உண்டு. ஐ.நா. பொதுச்செயலாளர், "செகரெட்டரி ஜெனரல்". அந்த "ஜெனரல்" ராணுவ ஜெனரல் என்று நினைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "பொது" என்ற அட்ஜெக்டிவ்தான் அது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டத்திலும் அரசாங்கத்திலும் பிரெஞ்சு புகுந்தது. பிரெஞ்சில் அட்ஜெக்டிவ் பெரும்பாலும் பின்னால் வரும். "கோர்ட் மார்ஷல்" போன்றவை அந்த வாசனை.

20. "லி"யில முடிஞ்சா அட்வெர்ப் தானே? அப்போ "ஃப்ரெண்ட்லி"?

அட்ஜெக்டிவ். லவ்லி, லோன்லி, அக்லி எல்லாமும். பெயர்ச்சொல்லோடு "லி" சேர்ந்தால் பல இடங்களில் அட்ஜெக்டிவ் கிடைக்கும், ஃப்ரெண்டு பெயர்ச்சொல். மறுபக்கம், "ஃபாஸ்ட்", "ஹார்ட்" இரண்டும் உருவம் மாறாமலே இரண்டு வேலையும் செய்யும். "எ ஹார்ட் வொர்க்கர்", "ஹீ வொர்க்ஸ் ஹார்ட்". இங்கே மரியாதைக்காக "லி" சேர்த்து "ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்" என்று சிபாரிசுக் கடிதம் எழுதினால், "வேலையே செய்வதில்லை" என்று எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

21. "இம்", "இர்", "இல்": எதிர்ச்சொல்லுக்கு எது எப்போன்னு எப்படித் தெரியும்?

"அன்ஹேப்பி" மாதிரி முன்னால் "அன்" சேரும் சொற்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். மற்றவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அது நமக்குப் பழகிய ஒழுங்கு. மூலம் லத்தீனின் "இன்". அடுத்த எழுத்துக்கு ஏற்ப அது உருமாறுகிறது. "ப, ம" ஒலிக்கு முன் இம்: இம்பாசிபிள், இம்மெச்சூர். "ல"வுக்கு முன் இல்: இல்லீகல். "ர"வுக்கு முன் இர்: இர்ரெகுலர். "மரம்" என்பதோடு "கள்" சேர்ந்து "மரங்கள்" ஆகும்போது மகரம் என்ன செய்கிறதோ, அதையேதான் அந்த "இன்"னும் செய்கிறது. புணர்ச்சி விதிதான், மொழிதான் வேறு.

22. "ஐ ஆம் டிஃபிகல்ட் டு கம் டுமாரோ"னு மெசேஜ் அனுப்பினேன். தப்பா?

6-ஆம் கேள்வியைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் இந்தக் குழியில் விழுகிறார்கள். "எனக்குப் பசி" ஐ ஆம் ஹங்க்ரி என்றால், "எனக்கு வரக் கஷ்டம்" ஐ ஆம் டிஃபிகல்ட் என்றுதானே ஆக வேண்டும்? பசி என் உடம்பில் இருக்கிறது, ஆனால் கஷ்டம் வருவதில் இருக்கிறது. "ஐ ஆம் டிஃபிகல்ட்" என்றால் "நான் சமாளிக்க முடியாத ஆள்" என்று அர்த்தம்.

டிஃபிகல்ட், ஈஸி, பாசிபிள், நெசசரி, கன்வீனியன்ட் போன்றவை காரியத்தைப் பற்றியவை. இவற்றுக்கு "இட்" என்று ஆரம்பியுங்கள், "எனக்கு" என்பது இங்கே "ஃபார் மி"யாகத் திரும்பி வரும்: "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மி டு கம் டுமாரோ." "ஆர் யூ கன்வீனியன்ட்?" என்று கேட்பதும் இதே தவறுதான், "இஸ் இட் கன்வீனியன்ட் ஃபார் யூ?"

23. கன்னங்கரேல், வெள்ளைவெளேர், பச்சைப்பசேல்: இதையெல்லாம் ஆங்கிலத்துல எப்படிச் சொல்றது?

"வெரி பிளாக்" என்று சொன்னால் உயிர் போய்விடும். ஆங்கிலம் இதற்கு ஒரு பொருளைத் துணைக்குக் கூப்பிடும். கன்னங்கரேல் என்ற முடிக்கு "ஜெட் பிளாக்". ஜெட் என்பது கரிய நிறமுள்ள ஒரு நிலக்கரி வகை, விமானம் இல்லை. கும்மிருட்டுக்கு "பிட்ச் டார்க்". பிட்ச் என்றால் கீல். வெள்ளைவெளேருக்கு "ஸ்னோ ஒயிட்". பச்சைப்பசேல் என்ற வயலுக்கு "லஷ் கிரீன்" ஓரளவு ஒத்துவரும்.

செக்கச்செவேலுக்கு "பிரைட் ரெட்" என்று சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போதே எனக்குப் போதவில்லை. வகுப்பிலும் போதவில்லை என்றுதான் முகம் காட்டுகிறார்கள்.